சுவர் வெளுக்கும் வரை: வீட்டுத் தந்தூரி அடுப்பில் கரி பற்றவைப்பது எப்படி

மொட்டை மாடியில் வைப்பதற்காக டிரம் வடிவத்தில் சின்னத் தந்தூரி அடுப்பு ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். வந்து இறங்கிய அன்று மாலையே அரை மூட்டைக் கரியைக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்திருக்கிறீர்கள். ஒரு மணி நேரம் புகை அடங்கவில்லை. ரொட்டி சுவரில் ஒட்டாமல் தணலில் விழுந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் உள்சுவரில் இரண்டு விரிசல். அடுப்பு வீணாகிவிட்டதா, சரியாகப் பற்றவைப்பது எப்படி, வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது இதைப் பயமில்லாமல் எரிக்க முடியுமா? இவை மூன்றும்தான் உங்கள் கேள்விகள்.

அடுப்பு பெரும்பாலும் வீணாகியிருக்காது. நடந்த மூன்று கோளாறுக்கும் முக்கியக் காரணம் அவசரம்தான்: பானை காய்வதற்கும் சூடேறுவதற்கும் நேரம் கொடுக்காமல் மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டிவிட்டீர்கள். அதைச் சரிசெய்துவிட்டால் புகை, ரொட்டி, விரிசல் மூன்றுமே சரியாகிவிடும். பாதுகாப்பிலும் பாதி அதிலேயே வந்துவிடும்.

நான் திருப்பூர்க்காரன். பனியன் தொழில் சம்பந்தமாக லூதியானாவில் பதினோரு வருடம் இருந்தேன். வாடகைக்கு இருந்த வீட்டின் பின்முற்றத்தில் ஒரு மண் தந்தூர் இருந்தது. வீட்டுக்காரரின் அம்மா, எல்லோரும் பீஜி என்று கூப்பிடுவோம், தினம் சாயங்காலம் அதில் பருத்தி மாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சியை, போட்டு எரிப்பார். கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. எட்டி நின்று பானையின் உள்சுவரைப் பார்ப்பார். சுவர் முதலில் புகை படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கறுப்பு எரிந்துபோய், அடியிலிருந்து மேலாகச் சுவர் வெளுத்துக்கொண்டு வரும். வெளுப்பு பாதிக்கு மேல் ஏறிய பிறகுதான் மாவை உருட்டவே உட்காருவார். ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாக ஒரு கரித் தந்தூர் வைத்த பிறகும் நான் நம்புவது அந்த அடையாளத்தைத்தான்.

தந்தூரில் நாம் தீயில் சமைப்பதில்லை, சுவரில் சமைக்கிறோம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெளியே தெரிவது ஸ்டீல் டிரம். உள்ளே இருப்பது கனமான மண் பானை. இரண்டுக்கும் நடுவில் சூடு வெளியே போகாமல் இருக்க ஏதோ ஒரு காப்பு நிரப்பியிருப்பார்கள். கரியின் வேலை அந்த மண் சுவருக்குச் சூட்டை ஊட்டுவது. சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு ரொட்டிக்கும் கறிக்கும் திருப்பிக் கொடுக்கிறது. ஹோட்டல் வீடியோக்களைப் பார்த்து வீட்டில் செய்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஹோட்டல் தந்தூர் முழுதாக ஆறுவதே இல்லை. இரவு தணலைச் சாம்பலால் மூடி வைப்பார்கள், காலையில் சுவர் வெதுவெதுப்பாகவே இருக்கும், இன்னும் கொஞ்சம் கரி போட்டால் அரை மணியில் தயார். உங்கள் அடுப்பு வாரம் ஒருமுறை, சில்லிட்ட மண்ணிலிருந்து தொடங்குகிறது. அதற்கும் இதற்கும் ஒரே கணக்குப் போட முடியாது.

இப்போது விரிசலுக்கு வருவோம். நம் ஊரில் விற்கும் தந்தூர்ப் பானைகள் பெரும்பாலும் சூளையில் சுட்டவை அல்ல. மண்ணோடு வைக்கோல் தூளும் ஆட்டு மயிரும் சேர்த்துப் பிசைந்து, வளையம் வளையமாக ஏற்றி, நிழலிலும் வெயிலிலும் காயவைத்தவை. அது சுடப்படுவதே உங்கள் வீட்டில்தான். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். தண்ணீர் ஆவியானால் அதன் அளவு ஏறக்குறைய 1,700 மடங்கு பெருகும். மெதுவாகச் சூடேற்றினால் அந்த ஆவி மண்ணின் நுண்துளைகள் வழியாக வெளியேறிவிடும். ஒரே நேரத்தில் அரை மூட்டைக் கரியை மூட்டினால் வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிளந்துகொண்டு வரும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

மயிரிழை விரிசல் என்றால் கவலையே வேண்டாம். தந்தூரில் அது சாதாரணம். சூட்டில் மண் விரியும்போது மூடிக்கொள்ளும், ஆறும்போது மறுபடி தெரியும். பத்து ரூபாய் நாணயத்தின் ஓரம் உள்ளே நுழைகிற அளவுக்கு இருந்தால் அடைத்துவிடுங்கள். அதற்குச் சிமெண்ட் போடக் கூடாது. சாதாரண சிமெண்ட் அந்தச் சூட்டில் வலுவிழந்து உதிர்ந்து, ரொட்டியோடு வயிற்றுக்குள் போகும். சூளைச் செங்கல் கட்டப் பயன்படும் தீக்களிமண்ணைக் குழைத்து, விரிசலை லேசாக நனைத்து, விரலால் அழுத்தித் தேய்த்து, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். மண் துண்டாகப் பெயர்ந்து விழுந்தாலோ, விரிசல் வழியாக உள்ளிருக்கும் காப்புப் பொருள் தெரிந்தாலோ மட்டும் சமைக்காமல் விற்றவரிடம் பேசிப் பானையை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் காப்பு சில அடுப்புகளில் கண்ணாடி இழையாக இருக்கும், அது சாப்பாட்டில் சேரக் கூடாது.

அடைத்த பிறகு பானையைப் பழக்க வேண்டும். புது மண்சட்டியையும் தோசைக்கல்லையும் பழக்குவோமே, அதே சங்கதிதான், கொஞ்சம் நீளமாக. முதல் நாள் நாலைந்து துண்டு கரி மட்டும். பானையின் அடி நடுவில், சுவரைத் தொடாமல். கீழே காற்று நுழையும் காற்றுவாய் திறந்திருக்கட்டும், மேல் மூடி பாதி திறந்திருக்கட்டும், ஆவி போக வழி வேண்டும். சுவரில் கை வைத்தால் சுடும், ஆனால் எடுக்கும்படி சுடாது என்கிற அளவிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டுங்கள். அப்புறம் தானாக ஆறட்டும், அவசரப்பட்டு எதையும் அள்ள வேண்டாம். இரண்டாம் நாள் ஒரு கிலோ. மூன்றாம் நாள் இரண்டு கிலோ. ஒவ்வொரு முறையும் இரவு முழுக்க ஆறவிட வேண்டும். நாலாவது தீயில்தான் முழுச் சூடு. வட இந்தியாவில் இதற்கு நடுவே பசலைக் கீரையை அரைத்து உள்சுவரில் தேய்ப்பார்கள், அது காய்ந்த பிறகு கடுகெண்ணெய், வெல்லம், மோர், உப்பு கலந்து பூசுவார்கள். சுவர் வழுவழுப்பாகும், மண் தூள் ரொட்டியில் ஒட்டாது. நான் கடுகெண்ணெயும் வெல்லமும் உப்பும் மட்டும் பூசினேன், நன்றாகவே இருந்தது. இந்தப் பூச்சை இரண்டாவது தீ ஆறிய பிறகு பூசுங்கள். ஈர மண்ணில் பூசினால் உரிந்துவிடும்.

அடுத்தது இடம். மொட்டை மாடி நல்ல இடம்தான், மேலே எதுவும் இல்லாதவரை. பந்தல், தார்ப்பாய், கீற்று, பைபர் ஷீட் எதுவுமே தந்தூருக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. வாயிலிருந்து கிளம்பும் அனலும் பொறியும் நேராக மேலேதான் போகும். துணிக்கொடி, பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, அதன் குழாய், கேபிள் வயர், சோலார் பேனல் எல்லாவற்றிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். தரையில் நேராக வைக்க வேண்டாம். வெயில் தடுக்கும் டைல்ஸும் நீர்க்கசிவுக்கான பூச்சும் அடிச் சூட்டில் கெட்டுப்போகும். இரண்டு வரிசைச் செங்கல் அடுக்கி அதன் மேல் வையுங்கள். ஆடுகிறதா என்று பிடித்து அசைத்துப் பாருங்கள். எரியும்போது சாய்கிற தந்தூரைத் தாங்கிப் பிடிக்க யாராலும் முடியாது.

கரிக்கு நீங்கள் எங்கேயும் தேடிப் போக வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக் கருவேல மரத்தை மூட்டம் போட்டு எடுக்கும் கரி தந்தூருக்கு அருமையானது. கனமாக இருக்கும், நின்று எரியும். கடையில் கேட்கும்போது மரக்கரி என்று தெளிவாகக் கேளுங்கள். கரி என்று மட்டும் சொல்லி, சில இடங்களில் நிலக்கரியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கந்தகம் இருக்கும், சாப்பாடு சமைக்கிற அடுப்புக்கு ஆகாது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்த கரி பீங்கானைத் தட்டியதுபோல் கணீரென்று கேட்கும். மொத்தென்று கேட்டால், உடைத்துப் பார்த்து உள்ளே பழுப்பாக இருந்தால், அது பாதி வெந்த கரி. உங்களுக்கு ஒரு மணி நேரம் புகைந்ததில் மண்ணெண்ணெயோடு இதற்கும் பங்கு இருந்திருக்கும். ஈரக் கரியும் ஆகாது. சூடேறும்போது பட்டென்று வெடித்துப் பொறியைத் தெறிக்கவிடும். எரிக்கும் நாளில் காலையிலேயே கரியை வெயிலில் பரப்பிவிடுங்கள். கொட்டாங்குச்சிக் கரியும் நல்லது, ஆனால் சீக்கிரம் சாம்பலாகும், நடுவே சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளில் சாம்பல் அதிகம், அது காற்றுவாயை அடைத்துவிடும். ஒரு தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும் என்று விற்கும் கரியில் எரிபொருள் தோய்த்திருக்கும். பிளைவுட் துண்டு, பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பேக்கிங் பெட்டிப் பலகை எதுவும் உள்ளே போகக் கூடாது.

மண்ணெண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்கவும். தந்தூர் ஆழமான பானை. அதில் மண்ணெண்ணெயோ, பெட்ரோலோ, தின்னரோ, சானிடைசரோ ஊற்றினால் அதன் ஆவி காற்றைவிடக் கனமாக இருப்பதால் பானைக்குள்ளேயே தேங்கும். மேலிருந்து தீக்குச்சியைப் போடுகிறவரின் முகத்துக்கு நேராக அது குபீரென்று கிளம்பும். இதைவிட மோசமானது, தீ அணைந்துவிட்டதுபோல் இருக்கிறதே என்று இரண்டாவது முறை ஊற்றுவது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத தணல் இருக்கும். ஊற்றிய எண்ணெய் அந்த நொடியில் ஆவியாகி, கையிலிருக்கும் டப்பா வரைக்கும் தீ ஏறி வரும். தீக்காயத்துக்கு மேல் இன்னொன்றும் உண்டு. சுடாத மண் எண்ணெயைக் குடித்துக்கொள்ளும், பல நாள் ரொட்டியில் அந்த வாடை வரும். உங்கள் பானை ஏற்கெனவே குடித்திருக்கிறது. பழக்கி முடித்த பிறகு இரண்டு முறை எதையும் சமைக்காமல் முழுச் சூட்டில் எரித்துவிடுங்கள். மூன்றாம் முறை சூடேறும்போது முகர்ந்து பார்த்து, வாடை துளியும் இல்லை என்றால்தான் சாப்பாட்டைப் போடலாம்.

பற்றவைக்க நல்ல வழி, கரியைத் தந்தூருக்கு வெளியே பற்றவைத்து உள்ளே இறக்குவது. இதற்கென்று சிம்னி மாதிரி ஒரு தகரக் குழல் விற்கிறது. கீழே சல்லடை, மேலே கரி, அடியில் கசக்கிய செய்தித்தாள். கிடைக்காவிட்டால் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னின் இரு பக்க மூடியையும் வெட்டி, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இரண்டு கம்பி குறுக்கே செருகி, சுற்றிலும் துளை போட்டு, மரப்பிடி வைத்துக் கொள்ளலாம். ஜிங்க் பூசிய வாளியையோ, பெயிண்ட் டின்னையோ இதற்கு எடுக்காதீர்கள். சூட்டில் துத்தநாகப் புகை வரும், அது காய்ச்சலில் தள்ளும். காகிதத்துக்குப் பதிலாகப் பன்னாடை, காய்ந்த தென்னம்பாளை இருந்தால் இன்னும் நல்லது. நம்மிடம் அதற்குப் பஞ்சமில்லை. கால் மணி நேரத்தில் மேல் துண்டுகளின் ஓரம் சாம்பல் பூத்துவிடும். அப்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக, அல்லது குழலைத் தாழ்த்திப் பிடித்து மெதுவாக, பானையின் அடியில் இறக்குங்கள். மேலிருந்து கொட்டினால் பொறி கிளம்பும், அடிமண்ணும் அடிவாங்கும். இந்த வேலையைச் சமையலறை கேஸ் அடுப்பில் செய்து, தணலைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாடியிலேயே செய்யுங்கள்.

இறக்கிய தணலின் மேல் புதுக் கரியை ஒரு கை, ஒரு கையாகச் சேர்க்க வேண்டும். என் தந்தூர் இரண்டரை அடி உயரம், வாய் ஒரு சாண் அகலம். அதற்கு முதலில் ஒரு கிலோ, இருபது நிமிடம் கழித்து ஒரு கிலோ, அப்புறம் இன்னொரு கிலோ, ஆக மூன்று கிலோ ஆகிறது. கரி பானையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். இந்த நேரமெல்லாம் கீழே காற்றுவாய் முழுதாகத் திறந்திருக்க வேண்டும், மேல் மூடியும் திறந்திருக்க வேண்டும். கீழே காற்று நுழைந்து மேலே அனல் கிளம்பும் ஓட்டம் ஒன்று உருவாகும். மின்விசிறியும் ஊதுகுழலும் தேவையில்லை. ஊதினால் சாம்பல் பறக்கும், சூடு ஓரிடத்தில் குவிந்து அடிச்சுவர் மட்டும் காயும். தீ மந்தமாக இருந்தால் நீண்ட கம்பியால் காற்றுவாய்ப் பக்கம் சாம்பலைக் கிளறிவிடுங்கள். பெரும்பாலும் அடைப்புதான் காரணமாக இருக்கும்.

முழுச் சூடு வர ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். மார்கழி மாதத்திலும், காற்று பலமாக இருக்கும் நாளிலும் இன்னும் கொஞ்சம் கூடும். சுவர் கறுத்து, பிறகு பாதி உயரத்துக்கு மேல் வெளுத்ததும் ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அப்போது சுவரின் உள்முகம் அளவுக்கு மேல் சூடாகவும், மண்ணின் உட்பகுதி இன்னும் சூடேறாமலும் இருக்கும். கரியைக் கம்பியால் ஓரமாக ஒதுக்கி, காற்றுவாயை முக்கால்வாசி மூடி, கால் மணி நேரம் விடுங்கள். சூடு சுவருக்குள் இறங்கிச் சமமாகும். தூரத்திலிருந்து சுவரைக் குறிபார்த்து அளக்கும் வெப்பமானி இருந்தால், நடுச்சுவரில் 260 முதல் 310 டிகிரி செல்சியஸ் இருந்தால் ரொட்டிக்குச் சரி. வாங்கும்போது 500 டிகிரி வரை காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், உடம்புச் சூடு பார்க்கும் கருவி இதற்கு உதவாது. கருவி இல்லாவிட்டால் சுவரில் நாலு சொட்டு உப்புத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு சுவரில் வழிந்தால் சூடு போதாது. பட்டென்று பொரிந்து வெள்ளையாக உப்புப் பூத்தால் தயார்.

உங்கள் ரொட்டி விழுந்ததற்குக் காரணம் அந்த வழிகிற சூடுதான், அதோடு சுவரில் படிந்த மண்ணெண்ணெய்ப் புகைக்கரி. எண்ணெய்ப் பிசுக்கான அந்தப் படிவில் எதுவும் ஒட்டாது. சூடேறிய பிறகு, நீண்ட கம்பின் நுனியில் பருத்தித் துணியைச் சுற்றி உப்புத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து சுவரை ஒருமுறை துடையுங்கள். ரொட்டியின் ஒட்டும் பக்கத்தில் தண்ணீர்க் கையால் தடவுங்கள், அந்தப் பக்கத்தில் வறண்ட மாவு இருக்கவே கூடாது. வெறும் கையால் ஒட்டுவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பீஜியின் முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. துணிக்குள் வைக்கோல் அடைத்த சின்ன மெத்தையை (இந்தியில் gaddi) வாங்கி, அதன் மேல் ரொட்டியை விரித்து ஒட்டுங்கள். எடுப்பதற்கு ஒரு ஜோடிக் கம்பிகள் உண்டு, ஒன்றின் நுனி கொக்கி, மற்றது தட்டை. இரண்டையும் கட்டாயம் வாங்குங்கள். இடுக்கியைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தால் காயம்தான் மிஞ்சும்.

சரி, உடை. நைலான், பாலியஸ்டர் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திச் சட்டை, கால் மூடிய செருப்பு. துப்பட்டா, முந்தானை, தொங்கும் கைகள் வேண்டாம், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கைக்கு வெல்டிங் கடையில் கிடைக்கும் நீளமான தோல் கையுறை போதும். சமையலறைத் துணியை நனைத்துக் கம்பியைப் பிடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தந்தூர்க் கம்பியில் அதைச் செய்யாதீர்கள். ஈரம் அந்தச் சூட்டில் உடனே ஆவியாகி, துணிக்குள்ளேயே கையை அவித்துவிடும்.

மூடியைத் திறப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. காற்றுவாயையும் மூடியையும் அடைத்து வைத்திருந்த தந்தூருக்குள் எரியாத வாயு சேர்ந்திருக்கும். சட்டென்று மூடியைத் தூக்கினால் புதுக் காற்று பட்டு ஒரு தீநாக்கு வாயிலிருந்து வெளியே வரும். முதலில் காற்றுவாயைக் கொஞ்சம் திறந்து அரை நிமிடம் நில்லுங்கள். அப்புறம் மூடியை உங்களை விட்டு எதிர்ப்புறமாக நகர்த்துங்கள். முகத்தை வாய்க்கு நேர் மேலே எப்போதுமே கொண்டுபோகாதீர்கள். கறியிலிருந்து கொழுப்பு சொட்டும்போதும் இதே மாதிரி தீ எழும். அதற்காகத்தான் கரியை ஓரமாக ஒதுக்கி நடுவைக் காலியாக விடுவது.

குழந்தைகள் விஷயத்தில் என் வீட்டில் ஒரே ஏற்பாடுதான். தந்தூரைச் சுற்றி இரண்டு மீட்டரில் சாக்பீஸ் கோடு. பற்றவைத்ததிலிருந்து மறுநாள் காலை வரை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, பெரியவர் ஒருவர் அங்கிருந்து நகரக் கூடாது. ஸ்டீல் டிரம்மின் வெளிப்பக்கம் பார்க்க அமைதியாக இருக்கும், ஆனால் வாய் விளிம்பு குழந்தையின் கையைப் பதம் பார்த்துவிடும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாளியும் இருக்கட்டும், அது தரையில் விழும் பொறிக்கும் மனிதர்களுக்கும்தான், தந்தூருக்குள் ஊற்ற அல்ல.

கையோ காலோ சுட்டுக்கொண்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இருபது நிமிடம் என்பது நீளமாகத்தான் தெரியும், இருந்தாலும் விடாதீர்கள். மோதிரம், வளையலை வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, மஞ்சள், நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி, உள்ளங்கையைவிடப் பெரிய காயமென்றாலோ, முகம், கைவிரல், மூட்டு என்றாலோ, குழந்தை என்றாலோ நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கரியில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். புகை அடங்கிச் செக்கச்செவேல் என்று இருக்கும் தணலிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். புகைதான் ஆபத்து, தணல் பத்திரம் என்று நாம் நினைப்பது நேர்த் தவறு. லூதியானாவில் ஒரு ஜனவரி இரவு, எங்கள் குடியிருப்பில் தங்கியிருந்த இரண்டு தையல்காரப் பையன்கள், ரொட்டி சுட்டு மிஞ்சிய தணலை இரும்புச் சட்டியில் அள்ளி, குளிருக்காக அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தார்கள். ஒருவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டுத்தான் பக்கத்து அறைக்காரர் கதவை உடைத்தார். இருவரும் பிழைத்தார்கள். வட இந்தியக் குளிர்காலத்தில் இப்படி மூடிய அறையில் அங்கீட்டி என்கிற கரிக் கணப்பை வைத்துத் தூங்கி எழாமலே போன குடும்பங்களைப் பற்றி ஒவ்வொரு வருடமும் செய்தி வருகிறது. அந்தச் சட்டியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

நம் ஊரில் குளிர் இல்லை, ஆனால் மழை உண்டு. பாதி எரியும்போது தூறல் விழுந்தால் தந்தூரை மாடிப்படி அறைக்குள்ளோ கார் ஷெட்டுக்குள்ளோ இழுக்கத் தோன்றும். இழுக்காதீர்கள். கண்ணாடி அடைத்த பால்கனியும் வீட்டின் உட்பகுதி மாதிரிதான். மூடியைப் போட்டுக் காற்றுவாயை அடைத்துவிட்டுச் சமையலை அன்றைக்கு விட்டுவிடுங்கள். காற்று வீட்டு ஜன்னல் பக்கமாக அடித்தால் அந்த ஜன்னல்களையும் மாடிக் கதவையும் சாத்தி வையுங்கள். அருகில் இருக்கும் யாருக்காவது தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் துவளுதல் வந்தால், அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு வந்தால், வெயிலோ பித்தமோ என்று யோசித்துக்கொண்டிருக்காமல் எல்லோரையும் திறந்தவெளிக்குக் கொண்டுபோய் 108க்கு அழையுங்கள்.

சமைத்து முடித்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம். 300 டிகிரி மண்ணில் தண்ணீர் பட்டால் பானை பிளக்கும், சாம்பலோடு கலந்த ஆவி ஊற்றியவர் மேல் அடிக்கும். காற்றுவாயை இறுக்க மூடி, மூடியையும் போட்டுவிடுங்கள். காற்றில்லாமல் தீ தானாக அடங்கும், மிஞ்சிய கரி அடுத்த முறைக்கு ஆகும். ஏற்கெனவே ஒருமுறை எரிந்த அந்தக் கரி புதுக் கரியைவிடச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும், அதனால் அதை அடியில் போட்டுத் தொடங்குங்கள்.

சாம்பலை மறுநாள் மாலைக்கு முன் அள்ளாதீர்கள். மேலே சாம்பல் நிறமாக இருக்கும், அடியில் ஒரு கங்கு உயிரோடு இருக்கும். சாம்பல் நல்ல போர்வை, இருபத்துநாலு மணி நேரம் தாண்டியும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். இரும்பு முறத்தால் அள்ளி, மூடி போட்ட தகர டின்னில் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கிளறி, இன்னும் ஒரு நாள் மாடியிலேயே விட்டுவிடுங்கள். நேராகப் பிளாஸ்டிக் குப்பைக் கூடையில் போட்டால் நள்ளிரவில் அது உருகத் தொடங்கும்.

தார்ப்பாய் போட்டு மூடுவதும் பானை முழுதாக ஆறிய பிறகுதான். உள்ளே கை விட்டு அடிச்சுவரைத் தொட்டுப் பார்த்து மூடுங்கள். மழைக்காலம் முடிந்து மறுபடி எடுக்கும்போது, மூடியே இருந்திருந்தாலும் மண் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும். அன்றைக்கு முழுத் தீ போடாமல் நாலைந்து துண்டு கரியோடு முதல் நாள் மாதிரி இரண்டு மணி நேரம் காயவிட்டு, அடுத்த நாள் ரொட்டிக்கு மாவு பிசையுங்கள்.